கூரைக்குக் கிட்ட ஓர் அறிவித்தல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கடைக்குள் போனாலும், எந்தக் கந்தோருக்குள் நுழைந்தாலும், என் கண் முதலில் சுவரைத்தான் மேயும். வேலை செய்கிறவர்கள் பார்க்கவென்று முதலாளி ஒட்டிவைக்க வேண்டிய அறிவித்தல் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். வேலை நேரம், கிழமை லீவு, பிள்ளைப்பேற்று லீவு என்று மூன்று மொழியிலும் அச்சடித்த அந்தக் கடதாசி சில இடங்களில் அலுமாரிக்குப் பின்னால் இருக்கும். சில இடங்களில் கலண்டருக்குக் கீழே ஒளிந்திருக்கும். சில இடங்களில் இருக்கவே இருக்காது. போன மாதம் நகரத்தில் ஒரு புடவைக் கடையில் இப்படி அண்ணாந்து தேடிக்கொண்டு நின்றேன். மேலே ஓடுகிற மின்விசிறிக்கு நான் விலை கேட்கப் போகிறேன் என்று நினைத்த கடைக்காரர், "அது விக்கிறதுக்கு இல்லை அக்கா" என்றார். என் மகள் என்னை விட்டுப் பத்தடி தள்ளிப் போய், யாரோ ஒரு அம்மாவைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

இந்தப் பழக்கம் எனக்கு நண்டுக் கொம்பனியில் வந்தது.

அதற்குப் பதிவுப் பெயர் ஒன்று இருந்தது, நீளமான பெயர். முதலாளியைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் அது நண்டுக் கொம்பனிதான். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற பாதையில், பழைய அரிசிக் கிட்டங்கி ஒன்றைத் திருத்தி, நிலத்துக்குச் சீமெந்து போட்டு, நாலு நீள மேசை வைத்து நடத்தினார்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் விடியப்புறம் நண்டு வரும். அவித்து, ஆறவைத்து, ஓட்டை உடைத்து, சதையை நார் கலையாமல் எடுத்துப் பெட்டியில் அடைக்க வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். நான் அங்கே கிளாக். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அந்தக் கட்டடத்தில் சாய்ந்து இருக்கிற கதிரை இரண்டே இரண்டு. ஒன்று முதலாளியுடையது, மற்றது என்னுடையது. அந்தக் கதிரையில் இருந்துகொண்டு நான் பட்ட பெருமை கொஞ்சமல்ல.

இப்போது அந்த இடத்தில் வெள்ளைக்காரர் தங்குகிற விடுதி இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் எனக்கு அவித்த நண்டு மணக்கிறது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மணப்பதில்லை, கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு சிரிப்போம் அங்கே. மேசைக்கு இரண்டு பக்கமும் வெள்ளைத் தொப்பியும் ரப்பர் சப்பாத்துமாக நின்றுகொண்டு, கை தன்பாட்டில் வேலை செய்ய, வாய் தன்பாட்டில் கதை சொல்லும். யாருடைய மாமியார் என்ன சொன்னா, யாருடைய மகன் எந்தப் பரீட்சையில் கோட்டை விட்டான், எல்லாம் பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னமே முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை முதலாளி தொழுகைக்குப் போய்விடுவார். அந்த இரண்டு மணித்தியாலமும் கிட்டங்கிக் கதவைத் திறந்து வைத்து, கப்பல்களைப் பார்த்துக்கொண்டு, கொண்டுவந்த கறிகளை எல்லாம் ஒன்றாகக் கொட்டிச் சாப்பிடுவோம். அந்தச் சாப்பாட்டைப்போல ஒரு சாப்பாடு எனக்கு இன்றைக்கு வரைக்கும் வாய்க்கவில்லை.

முதலாளி மூதூர்க்காரர். நல்ல மனிசன். இதை நான் முதலே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு சொல்லப்போகிறதைக் கேட்டு நீங்கள் அவரைத் தப்பாக நினைக்கக்கூடும். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் சைக்கிளிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். ஆனால் கடதாசி விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அரசாங்க முத்திரை விழுந்த எந்தக் கடதாசியும் கண்ணாடி பிரேமுக்குள் போக வேண்டும், போய்க் கூரைக்குக் கிட்ட ஏற வேண்டும். மூதூரில் அவர் வீட்டிலும் அப்படித்தானாம். காணி உறுதியின் பிரதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் ஓட்டுக்குக் கீழே வரிசையாகத் தொங்குமாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, தொழில் திணைக்களக் கந்தோரிலிருந்து அந்த அறிவித்தலை வாங்கிவரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார். பெரிய தாள், மூன்று மொழி, மேலே இலச்சினை. சந்தைக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்துப் பிரேம் போட்டு, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டோ குலுங்கினபோதெல்லாம் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல அணைத்துப் பிடித்தேன். முதலாளி மேசைக்கு மேல் ஏணி வைத்து, தானே ஏறி, வியாபாரப் பதிவுக்கும் சுகாதாரச் சான்றிதழுக்கும் பக்கத்தில் அதையும் மாட்டினார்.

"இவ்வளவு உயரத்தில வேணுமா முதலாளி?" என்று கேட்டேன்.

"கவண்மேந்துக் கடதாசி புள்ள. நண்டுத் தண்ணி தெறிக்கப்படாது. ஆக்கள்ர முதுகும் அதுக்கு நேரா இருக்கப்படாது" என்றார்.

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. முதலாளி ஏணியில் நிற்கிறபோதே வேதக்கார அக்கா ஒருத்தி தன் குருத்தோலைச் சிலுவையை நீட்டி, அதையும் பிரேமுக்குப் பின்னால் செருகச் சொன்னா. முதலாளி அதையும் வாங்கிச் செருகினார். கீழே நின்று பார்த்தால் இலச்சினை தெரியும், கண்ணாடியில் மின்குமிழ் தெரியும். எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும். யாரும் வாசிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்த நானும் வாசிக்கவில்லை.

எனக்கு வேறு எழுத்து வேலை இருந்தது. பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது. லீவுக் கடிதம், பள்ளிக்கூடத்துக்குக் கடிதம், எல்லாவற்றையும்விட அதிகமாக, வேலையை விட்டு நிற்கிற கடிதம். ஏனென்றால் நண்டுக் கொம்பனியில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை வயிற்றில் வந்தால் ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ நின்றுவிடுவார்கள். யாரும் நிற்கச் சொல்வதில்லை. அப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரியும், சேலை உடுக்கத் தெரிவதுபோலத் தெரியும். நிற்கிற அன்று பெரிய கொண்டாட்டம். எல்லாரும் சேர்ந்து பிள்ளையை ஆட்டுகிறதற்கு ஏணைச் சேலை ஒன்று வாங்கிக் கொடுப்போம். முதலாளி தன் கையால் பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற மருந்துச் சரக்கு எல்லாம் கட்டி, ஒரு பொதியாகத் தருவார். அழுவோம், சிரிப்போம், வட்டிலப்பம் சாப்பிடுவோம். திரும்பி வர விரும்பினால் வரலாம், ஆனால் புதிய ஆளாகத்தான் வர வேண்டும், கடைசி மேசையில்தான் நிற்க வேண்டும்.

'குடும்ப நிலை காரணமாக எனது சேவையிலிருந்து மகிழ்வுடன் விலகிக்கொள்கிறேன்.' இது என் வசனம். 'மகிழ்வுடன்' என்பதை நானே யோசித்துப் போட்டேன். வடிவாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். என் எழுத்தும் வடிவுதான்.

நான் நாலாம் வருஷம் வேலை செய்துகொண்டிருந்தபோது இலங்கைத்துறை அக்காவின் முறை வந்தது. ஊர்ப் பேரைச் சொல்லித்தான் அவவைக் கூப்பிடுவோம். நகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு அறையில் கணவனோடு இருந்தா. கணவன் கடல் தொழிலாளி. அந்த வருஷம் வள்ளம் கரையேற்றுகிறபோது கை முறிந்து, கட்டுப் போட்டபடி வீட்டில் இருந்தார். அவவின் உழைப்பில்தான் அடுப்பு எரிந்தது. முதல் மேசையில் முதல் ஆள் அவ. நண்டின் கால் சதையை முழுசாக, உடையாமல் உருவி எடுப்பா. அவ எடுத்ததை முதலாளி வருகிறவர்களுக்குக் காட்டுவார்.

அவ வயிற்றை மறைத்தா. பெரிய ஏப்ரனாகக் கேட்டு வாங்கிப் போட்டா. குனிந்து கூடை தூக்குகிறபோது இடுப்பில் கை வைக்காமல் பல்லைக் கடித்தா. எனக்குத் தெரியும். நாங்கள் எல்லாருமே தெரியாததுபோல நடித்தோம். அதற்கும் மேல் மறைக்க முடியாத ஒரு பின்னேரம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றா.

"தங்கச்சி, எனக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ."

"நிக்கப் போறீங்களாக்கா?"

"வேற என்ன செய்யிறது. அவருக்குக் கை சரிவர இன்னும் நாளெடுக்கும். அறையை விட்டிட்டு ஊருக்குப் போக வேணும். திரும்பி வர ஏலுமோ தெரியாது." பிறகு, "எனக்கு இந்த வேலை வேணும் தங்கச்சி" என்றா. அப்போதும் அழவில்லை. ஏப்ரன் நுனியைத் திருகித் திருகிப் பிடித்துக்கொண்டிருந்தா.

நான் எழுதினேன். 'மகிழ்வுடன்' என்றே எழுதினேன். எனக்கு வேறு வசனம் தெரியாது. கூரைக்குக் கிட்ட அந்தக் கடதாசி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏணைச் சேலை கொடுத்தோம். நீலத்தில் வெள்ளைப் பூ. முதலாளி சரக்குப் பொதியை நீட்டினபோது அவருக்கே கண் கலங்கியது. "என்ர முதல் மேசை உடைஞ்சு போச்சு" என்றார்.

அதற்கு அடுத்த கிழமை தொழில் உத்தியோகத்தர் வந்தா. என் வயதுப் பெண். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, குளிரறை, கழிப்பறை, வரவு பதிகிற இடாப்பு எல்லாம் பார்த்தா. பிறகு, "அறிவித்தல் எங்க போட்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டா. முதலாளி இந்தக் கேள்விக்காகவே நாலு வருஷம் காத்திருந்தவர்போல மேலே கை காட்டினார். அந்தப் பெண் அண்ணாந்தா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் அண்ணாந்தா.

"இதை ஆர் வாசிக்கிறது ஐயா?"

"வாசிக்கவோ?" என்றார் முதலாளி. "பழுதாகாம வைச்சிருக்கிறன் மகள். பாருங்க, ஒரு ஊத்தை இல்ல."

"பழுதானா நாங்கள் வேற தருவம். வேலை செய்யிற ஆக்கள் நிண்டு வாசிக்கக்கூடிய இடத்தில இருக்க வேணும். அதுக்குத்தான் ஒட்டுறது. ரெண்டு கிழமையில திரும்ப வருவன்." கோபிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டா. முதலாளியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

பின்னேரம் எல்லாரும் போன பிறகு அவர் ஏணியில் ஏறிக் கழற்றித் தந்தார். கை கழுவுகிற குழாய்க்குப் பக்கத்துச் சுவரில், கண்ணுக்கு நேராக ஆணி அடித்தோம். அவர் ஏணியை வைக்கப் போய்விட்டார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். துடைக்கிற துணிக்குக் கீழே தமிழ் எழுத்து வந்தது. வேலை நேரம், கிழமை லீவு. துணி நகர்ந்தது. மகப்பேறு என்று இருந்தது.

சம்பளத்தோடு லீவு என்று இருந்தது. கருவுற்றதைக் காரணமாக வைத்து வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது என்று இருந்தது. நான் ஒரு முறை வாசித்தேன், நம்பாமல் விரலை வைத்து இன்னொரு முறை வாசித்தேன். வாசிக்கத் தெரிந்தவள், கிளாக், சாய்ந்த கதிரைக்காரி. என் வாழ்க்கையில் என்மேல் எனக்கே அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

முதலாளியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவர் முதலில், "நான் ஒருத்தரையும் நிப்பாட்டயில்லையே புள்ள, அவங்களாத்தானே நிண்டவங்க" என்றார்.

"நிக்கத் தேவையில்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை முதலாளி. நீங்களும் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை."

அவர் பக்கத்தில் கிடந்த கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டார். "சரக்குப் பொதி கட்டிக் குடுத்தேனே" என்றார், தனக்குத்தானே. பிறகு, "நாளைக்கு இலங்கைத்துறைக்குப் போ. போய்க் கூட்டிக்கொண்டு வா" என்றார். வெட்கத்தில் சொன்னாரா, அந்த உத்தியோகத்தர் திரும்பி வருவா என்ற பயத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக இரண்டும் இருந்திருக்கும்.

காலை பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர் கடந்து, இன்னொரு பஸ் மாறிப் போனேன். இரண்டு பக்கமும் வயல் பச்சையாகக் கிடந்தது. இன்னொரு நாளாயிருந்தால் யன்னலோரம் இருந்து ரசித்திருப்பேன். அன்றைக்கு வாயில் வசனம் கட்டிக்கொண்டே போனேன். எந்த வசனமும் வடிவாக வரவில்லை.

அக்கா வாசலில் இருந்து, முறிந்த கைக்காரனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தா. என்னைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து எழும்பிவிட்டா. நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவ சோற்றுக் கையோடு நின்றா.

"அப்ப நான் நிண்டிருக்கத் தேவையில்லையா?"

"இல்லையக்கா."

"சும்மா சொல்லாதைங்கோ."

"சத்தியமாக்கா. கடதாசியில இருக்கு. அந்தப் பிரேமுக்குள்ள."

"நீங்கள் கொண்டுவந்து மாட்டின கடதாசியோ?"

"ஓம்."

"நீங்கள் வாசிக்கேல்லையா?"

"இல்லையக்கா."

அவ என்னைப் பார்த்தா. திட்டுவா என்று நினைத்தேன். திரும்பிக் கணவனிடம், "திங்கக்கிழமை முதல் பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டா. பிறகு அந்த இடத்திலேயே குந்தி, இவ்வளவு நாளும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதா. நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். அந்த மனிசன் என்ன செய்வதென்று தெரியாமல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார், ஒற்றைக் கையால்.

திங்கட்கிழமை அவ வந்தா. வயிற்றை மறைக்காமல் சாதாரண ஏப்ரன் போட்டுக்கொண்டு வந்தா. முதலாளி நான் எழுதின கடிதத்தை எல்லாருக்கும் முன்னால் கிழித்தார். பெண்கள் கை தட்டினார்கள். கொடுத்த ஏணைச் சேலையைத் திருப்பித் தர வேண்டுமோ என்று யாரோ கேட்க, கிட்டங்கி முழுக்கச் சிரித்தது. அவ நேரே குழாயடிக்குப் போய், அறிவித்தலுக்கு முன்னால் நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல உரத்து வாசிக்கத் தொடங்கினா. எல்லாரும் கையுறை போட்ட கையோடு சுற்றி நின்றோம். லீவைப் பற்றி வாசித்தா. நிறுத்தக்கூடாது என்பதை இரண்டு தரம் வாசித்தா. பிறகு அடுத்த பகுதிக்கு வந்தா. வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்துக்குள்ளேயே இடைவேளை உண்டு என்று இருந்தது. அந்தப் பகுதியை நானும் அதுவரை வாசித்திருக்கவில்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து கிண்ணியா ராத்தா முன்னுக்கு வந்தா. மேசைகளுக்குள் மூத்தவ, கதை சொல்வதில் முதல் ஆள். மூன்று வருஷத்துக்கு முன் கடைசிப் பிள்ளைக்காக நின்று, பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்த கையோடு திரும்பி வந்து, கடைசி மேசையில் புதிய ஆளாக நின்றவ. அவவின் கடிதமும் என் எழுத்துத்தான்.

"அதைத் திருப்பி வாசி" என்றா. அக்கா திருப்பி வாசித்தா.

ராத்தா என் பக்கம் திரும்பினா. குரலில் கோபம் இல்லை. விலாசம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டா.

"நான் புள்ளைய ஊட்டுல உட்டுட்டு வந்து, நெஞ்சு கட்டி, இந்தக் குழாயடியில பாலப் பிழிஞ்சு பிழிஞ்சு ஊத்தினேனே கிளாக்குப் புள்ள. அப்பயும் இது இங்க இருந்திச்சா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்ல ஓர் இடம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஓம் ராத்தா. இருந்தது."

அறிவித்தல் முன்பு தொங்கின அந்த உயரத்தை அவ ஒரு தரம் அண்ணாந்து பார்த்தா. பிறகு குழாயைத் திறந்து, கையுறையோடேயே கையைக் கழுவி, தன் மேசைக்குப் போய் நண்டு உடைக்கத் தொடங்கினா. அன்றைக்கு அந்த மேசையில் யாரும் கதை சொல்லவில்லை.